யார், யாரை, யார் முன்னால்: கேலி செய்யும் உரிமை எங்கிருந்து வருகிறது?

கூட்டம் தொடங்கப் போகிறது. அறையில் ஓர் இருக்கைகூடக் காலியில்லை. சக்கர நாற்காலியில் வரும் ஊழியர் ஒருவர் வாசலுக்கு வந்ததும், "எனக்கு நாற்காலி தேட வேண்டாம், கையோடு கொண்டுவந்துட்டேன்" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். இடம் தேடிப் பரபரத்தவர்கள்கூட இயல்பாகிவிடுகிறார்கள்.

இப்போது அவர் வாய் திறப்பதற்கு முன் மேலாளர் முந்திக்கொண்டு, "இவங்களுக்கு நாற்காலி தேட வேண்டாம், கையோடு கொண்டுவந்துட்டாங்க" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். சொற்கள் ஏறக்குறைய அவைதான். ஆனால் சிலர் மேசையைப் பார்ப்பார்கள், சிலர் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவார்கள். அந்த ஊழியரும் சிரிப்பார், ஏனென்றால் அந்த இடத்தில் சிரிக்காமல் இருப்பது அவருக்கு இன்னும் சங்கடம்.

"அவர் சொன்னால் சரி, இவர் சொன்னால் தப்பா? இது என்ன நியாயம்?" என்று பலர் கேட்கிறார்கள். கேள்வி நேர்மையானதுதான். ஒரு வாக்கியம் புண்படுத்துமென்றால் யார் சொன்னாலும் புண்படுத்த வேண்டும், புண்படுத்தாதென்றால் யாரும் சொல்லலாம் என்று நினைப்பது இயல்பு. கேலி அப்படி வேலை செய்வதில்லை. கேட்பவர்கள் கேலியின் சொற்களோடு சொன்னவரின் இடத்தையும் சேர்த்தே வாசிக்கிறார்கள். அந்த வாசிப்புக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் எங்கே சொல்லலாம், எங்கே வாயை மூடிக்கொள்ளலாம் என்பது பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும்.

மூன்று பேர்

உளப்பகுப்பாய்வின் முன்னோடி சிக்மண்ட் ஃபிராய்ட் 1905-இல் நகைச்சுவை பற்றி எழுதியபோது ஒன்றைக் கவனித்தார்: யாரையாவது குறிவைக்கும் கேலிக்கு இரண்டு பேர் போதாது, மூன்று பேர் வேண்டும். சொல்பவர், கேலிக்கு ஆளாகிறவர், கேட்டுச் சிரிப்பவர். சொல்பவருக்குப் பலன் கிடைப்பது மூன்றாமவரின் சிரிப்பில்தான்.

யார் யாரைக் கேலி செய்யலாம் என்று விவாதிக்கும்போது பெரும்பாலோர் முதல் இருவரோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாமவரை மறந்துவிடுகிறார்கள். மூவரும் ஏதோ ஒரு குழுவைச் சேர்ந்தவர்கள். மொழி, இனம், மதம், பாலினம், உடல்நிலை, தொழில், பதவி என எதுவாகவும் அந்தக் குழு இருக்கலாம். சொல்பவரும் ஆளாகிறவரும் ஒரே குழுவாக இருந்து, கேட்பவர் வெளியாளாக இருந்தால் கதை ஒரு மாதிரி. ஆளாகிறவர் மட்டும் தனித்து நிற்க, மற்ற இருவரும் ஒரே பக்கம் இருந்தால் வேறு மாதிரி. மேலாளர் சொன்ன வாக்கியம் இந்த இரண்டாவது வகை. நடக்க முடிந்த ஒருவர், நடக்க முடிந்த மற்றவர்களிடம், அறையில் நடக்க முடியாத ஒரே ஒருவரைச் சுட்டிச் சொன்னது.

குழுவுக்கும் வெளிக்கும் இடையே கோடு விழுவதற்குப் பெரிய காரணம்கூடத் தேவையில்லை. சமூக உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெலும் அவருடைய சகாக்களும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளி மாணவர்களிடம் நடத்திய சோதனைகள் 1971-இல் வெளியாயின. மாணவர்களுக்குப் பால் க்ளே, வாசிலி காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யாருக்கு எது பிடித்தது என்பதை வைத்து இரு குழுவாகப் பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுகூட மாணவர்களுக்குத் தெரியாது. அப்படியும், பணத்தைப் பகிர்ந்து கொடுக்கச் சொன்னபோது தன் குழுவுக்குச் சாதகமாகவே கொடுத்தார்கள். இவ்வளவு அற்பமான கோட்டுக்கே இந்த வலு என்றால், தலைமுறை தலைமுறையாக ஏளனத்தால் ஆழமாக்கப்பட்ட கோடுகளுக்கு எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

வாய் மாறும்போது மாறுபவை

ஒரு கேலி காதில் விழுந்த கணத்தில் கேட்பவர் மனம் சில கேள்விகளுக்கு அவசரமாகப் பதில் தேடுகிறது. முதலாவது: இவர் நல்லெண்ணத்தோடு சொல்கிறாரா? மனதைத் திறந்து பார்க்க வழியில்லை, ஆகவே அடையாளங்களை நம்ப வேண்டியிருக்கிறது. கைக்கு உடனே கிடைக்கும் அடையாளம், சொல்பவர் அந்தக் குழுவைச் சேர்ந்தவரா என்பது. தன்னையும் சேர்த்தே ஒருவர் இழிவுபடுத்த நினைப்பது அரிது என்று கேட்பவர் ஊகிக்கிறார். 2019-இல் வெளியான ஒரு சமூக உளவியல் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. ஒரு குழுவை மட்டம் தட்டும் அதே நகைச்சுவையை, அந்தக் குழுவைச் சேர்ந்தவரே சொன்னதாகக் காட்டியபோது கேட்டவர்கள் கூடுதல் வேடிக்கையாகவும் கூடுதல் ஏற்புடையதாகவும் மதிப்பிட்டார்கள். சொற்கள் மாறவில்லை, சொன்னவரின் அடையாளம் மட்டும் மாறியது.

இரண்டாவது கேள்வி, இவருக்கு விஷயம் தெரியுமா என்பது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். காது கேளாதோர் தங்களுக்குள் காலங்காலமாகச் சொல்லிவரும் ஒரு நகைச்சுவை உண்டு. காது கேளாத தம்பதி ஒரு விடுதியில் தங்குகிறார்கள். இரவில் கணவர் காரை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் திரும்புகிறார். எந்த அறை என்பது மறந்துபோகிறது. எல்லாக் கதவும் ஒரே மாதிரி, எல்லா ஜன்னலும் இருட்டு. யோசித்துப் பார்த்துவிட்டுக் காரின் ஹாரனை விடாமல் அழுத்துகிறார். ஒவ்வோர் அறையிலும் விளக்கு எரிகிறது, ஒன்றைத் தவிர. அந்த இருட்டு அறைக்கு நேராகப் போய்க் கதவைத் திறக்கிறார்.

இதைக் காது கேட்பவர்கள் காலங்காலமாகச் சொல்லும் "செவிட்டு" நகைச்சுவைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவை பெரும்பாலும் ஒரே அச்சு: ஒருவர் ஒன்று கேட்க, மற்றவர் வேறெதையோ புரிந்துகொண்டு பதில் சொல்வார். அதில் காது கேளாமை ஒரு குறை, கேளாதவர் ஒரு பொம்மை, அதற்கு மேல் எதுவும் இல்லை. ஹாரன் கதையில் காது கேளாமை ஒரு துப்பு, கேளாதவர் கெட்டிக்காரர், தூக்கம் கலைந்து திட்டிக்கொண்டே எழுவது காது கேட்பவர்கள். இருட்டில் வாழ்க்கைத் துணையைக் குரல் கொடுத்து அழைக்க முடியாது என்பதும், சத்தத்துக்கு எழாத ஒரே ஆள் அவர்தான் என்பதும் அந்த வாழ்க்கையை வாழ்பவருக்கே சட்டென்று தோன்றும்.

ஃபிராய்ட் யூத நகைச்சுவை பற்றி எழுதியதும் இதேதான். வெளியார் யூதர்களைப் பற்றிச் சொல்பவை பெரும்பாலும் முரட்டுத்தனமான கோமாளித்தனம். யூதர்களே தங்களைப் பற்றிச் சொல்பவை வேறு தரம், காரணம் அவர்களுக்குத் தங்கள் உண்மையான குறைகளும் தெரியும், அந்தக் குறைகள் நிறைகளோடு எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதும் தெரியும். வெளியாளுக்குப் பெரும்பாலும் ஊரில் புழங்கும் ஒற்றை முத்திரை மட்டுமே தெரிந்திருக்கும்: அவர்கள் கஞ்சர்கள், இவர்கள் முட்டாள்கள். சமூகவியலாளர் கிறிஸ்டி டேவிஸ் பல நாடுகளின் இன நகைச்சுவைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது முட்டாள் நகைச்சுவைகள் எவ்வளவு சுலபமாகப் பெயர் மாற்றிக்கொள்கின்றன என்பது தெரிந்தது. ஆங்கிலேயர் ஐரிஷ்காரரைப் பற்றியும், பிரெஞ்சுக்காரர் பெல்ஜியரைப் பற்றியும், கனடாவினர் நியூஃபவுண்ட்லாந்துக்காரரைப் பற்றியும் சொல்பவை ஒரே அச்சில் வார்த்தவை. பெயரை மாற்றினாலும் ஓடுகிறது என்றால் அந்தக் கேலிக்கு அந்தக் குழுவைப் பற்றி எதுவுமே தெரியாது என்று அர்த்தம்.

மூன்றாவது கேள்வி: நாளைக்கு இதன் விளைவை அனுபவிப்பது யார்? சக்கர நாற்காலி ஊழியர் தன்னைப் பற்றிச் சொன்னால், அதனால் வரும் எந்தப் பார்வை மாற்றமும் அவர் தலையில்தான் விழும். தெரிந்தே விலை கொடுக்கிறார். மேலாளர் சொன்னால் சிரிப்பு மேலாளருக்கு, விலை ஊழியருக்கு. இந்தக் கணக்கைக் கேட்பவர்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனதுக்குள் போட்டுவிடுகிறார்கள்.

குழுவைச் சேர்ந்திருப்பது இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரு குறுக்குவழிப் பதில், அவ்வளவே. எண்ணம், அறிவு, பங்கு மூன்றும் இருக்கலாம் என்று அது உறுதியளிக்கிறது. அந்த உறுதி பொய்யாகும் இடங்களில் உள்ளே இருப்பவரின் கேலியும் புளித்துவிடும். வேறு வழியில் அந்த மூன்றையும் காட்ட முடிந்த வெளியாளுக்கு இடம் கிடைக்கும். விதிவிலக்குகளாகத் தெரிபவை எல்லாம் இதிலிருந்து பிறப்பவைதான்.

திருப்பிச் சொல்லும் வசதி

வெளியாள் கேலி செய்வதையே கடமையாக்கி வைத்த சமூகங்களும் உண்டு. மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரௌன் 1940-இல் எழுதிய கட்டுரையில் இதைக் 'கேலி உறவு' என்ற பெயரில் வரையறுத்தார். இருவருக்கு இடையே, ஒருவர் மற்றவரைச் சீண்ட வழக்கமே அனுமதிக்கிறது, சில இடங்களில் சீண்டியே ஆக வேண்டும் என்கிறது. மற்றவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. சில உறவுகளில் இது இருவழி, சிலவற்றில் ஒருவழி.

மேற்கு ஆப்பிரிக்காவில் இது இன்றும் உயிரோடு இருக்கிறது. மாலி நாட்டில் திராவ்ரே என்ற குடிப்பெயர் கொண்டவரும் கோனே என்ற குடிப்பெயர் கொண்டவரும் முதன்முறை சந்தித்தாலும், பெயரைக் கேட்டதுமே சீண்டலைத் தொடங்கிவிடலாம். "நீ பயறு தின்னி" என்பது ஒருவர் வீசும் வழக்கமான சீண்டல், "நீ என் அடிமை" என்பது இன்னொன்று. எதிராளியும் அதையே திருப்பி வீசுவார். வேறு இடத்தில் என்றால் முன்பின் தெரியாத இருவரிடையே இந்தச் சொற்கள் கைகலப்பில்தான் முடியும். அங்கே அவை அறிமுகமாக முடிகின்றன. நைஜர் நாட்டின் கேலி உறவு வழக்கங்களை யுனெஸ்கோ 2014-இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அங்கே கேலி உறவுக்காரர்களுக்குக் கேலியோடு வேறு கடமைகளும் உண்டு: ஒருவருக்கொருவர் உண்மை பேச வேண்டும், உள்ளதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், சண்டை வந்தால் அமைதியாகத் தீர்த்துவைக்க வேண்டும்.

இங்கே வெளியாளுக்கு உரிமை எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். இருவரும் வேறு வேறு குடி. ஆனால் நல்லெண்ணம் ஊகிக்கப்பட வேண்டியதில்லை, வழக்கமே முன்கூட்டி அறிவித்துவிட்டது. விலை ஒரு பக்கம் மட்டும் விழுவதில்லை, அடுத்த நிமிடமே திரும்பி வருகிறது. சீண்டும் உரிமையோடு உதவும் கடமையும் கட்டப்பட்டிருக்கிறது. ஸ்வீடன்காரரும் நார்வேக்காரரும் ஒருவரை ஒருவர் முட்டாளாக்கும் நகைச்சுவைகள் பெரிய புண்ணை உண்டாக்காமல் ஓடுவதற்கும் இந்த இருவழித்தன்மை ஒரு காரணம். ஒரே நகைச்சுவை எல்லையைத் தாண்டும்போது பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்கிறது, எதிர்த்திசையில் பதில் சொல்லவும் ஆள் இருக்கிறது.

ராட்கிளிஃப்-பிரௌனின் இன்னொரு கவனிப்பும் பயனுள்ளது. கேலி உறவுகள் தோன்றுவது முழு அந்நியரிடையிலும் அல்ல, முழு நெருக்கத்திலும் அல்ல. சேர்ந்தே இருக்க வேண்டும், ஆனால் நலன்கள் மோதும் என்ற இடங்களில். திருமணத்தால் இணைந்த இரு குடும்பங்கள் அதற்கு உதாரணம். அந்த இழுபறியைச் சமாளிக்கச் சமூகங்கள் இரண்டு வழி கண்டிருக்கின்றன: ஒன்று அளவு கடந்த மரியாதையும் விலகலும் (பல சமூகங்களில் மாமியாருக்கும் மருமகனுக்கும் இடையே இருப்பது), மற்றது அனுமதிக்கப்பட்ட அவமரியாதை. ஓர் அலுவலகத்தில் விற்பனைப் பிரிவும் கணக்குப் பிரிவும் ஒன்றையொன்று ஓயாமல் ஓட்டிக்கொண்டிருப்பதும் இந்த வகைதான். அங்கே கேலி திடீரென்று நின்றுவிட்டால் உறவு கெட்டுவிட்டது என்று பொருள்.

தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைச் சொல்கிறது. அதற்கு உரை எழுதிய பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார்: பிறரைத் தான் எள்ளி நகுவது, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவது. முதல் பாதி சொல்பவர் கையில் இருக்கிறது. இரண்டாம் பாதி எதிராளி கொடுத்தால்தான் உண்டு. "உரிமையோடுதான் கிண்டல் பண்ணினேன்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த உரிமையைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்கள்.

மேலே, கீழே

குழு என்றதும் இனம், மதம் என்று மட்டும் பார்க்கக் கூடாது. பதவியும் குழுதான். ரோஸ் கோசர் என்ற சமூகவியலாளர் ஒரு மனநல மருத்துவமனையின் ஊழியர் கூட்டங்களில் யார் யாரைப் பார்த்து நகைச்சுவை செய்கிறார்கள் என்பதைக் கவனித்து 1960-இல் எழுதினார். மூத்த மருத்துவர்கள் இளையவர்களைச் சீண்டினார்கள். இளையவர்களின் நகைச்சுவை நோயாளிகளை நோக்கியும் தங்களையே நோக்கியும் போனது, எதிரே உட்கார்ந்திருந்த மூத்தவர்களை நோக்கிப் போகவில்லை என்றே சொல்லலாம். அந்த இளையவர்கள் அறைக்கு வெளியே எப்படிப் பேசுவார்கள் என்பது வேறு கதை. கூட்டத்துக்குள் கேலி தண்ணீர் போலப் பள்ளம் நோக்கி ஓடியது.

கேட்பவரின் இடமும் கணக்கில் வரும். டால்ஃப் ஸில்மன், ஜோன் கேன்டர் இருவரும் 1972-இல் வெளியிட்ட ஆய்வில் மேலதிகாரி, கீழ்நிலை ஊழியர் போன்ற இணைகளைப் பற்றிய நகைச்சுவைகளைக் கல்லூரி மாணவர்களிடமும் தொழில்முறைப் பதவிகளில் இருந்தவர்களிடமும் காட்டினார்கள். கீழே இருப்பவர் மேலே இருப்பவரை மடக்கும் நகைச்சுவையை மாணவர்கள் கூடுதலாக ரசித்தார்கள், பதவியில் இருந்தவர்கள் அதற்கு நேர்மாறானதை. தன் பக்கம் ஜெயிப்பதுதான் வேடிக்கையாகத் தெரிகிறது. ஆகவே "எனக்குச் சிரிப்பு வந்தது, அப்படியானால் அது நல்ல நகைச்சுவை" என்ற தீர்ப்பில் தீர்ப்பவரின் இடமும் ஒளிந்திருக்கிறது.

"மேலே உள்ளவர்களை மட்டும் கேலி செய்" என்ற விதி இதிலிருந்து பிறந்தது. தொடக்கத்துக்கு நல்ல விதி. ஆனால் ஒரே மனிதர் ஒரு கணக்கில் மேலேயும் இன்னொரு கணக்கில் கீழேயும் இருப்பார். சிறுபான்மை மொழி பேசும் மேலாளரின் கண்டிப்பைக் கேலி செய்வது பதவியை நோக்கியது, மேல்நோக்கியது. அவருடைய உச்சரிப்பைக் கேலி செய்வது மொழியை நோக்கியது, கீழ்நோக்கியது. ஆள் ஒருவர்தான், திசை இரண்டு. எதைத் தொடுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பவருக்கும் எல்லை உண்டு

"நானே அந்தக் கூட்டம்தான், எனக்கு உரிமை இருக்கிறது" என்பது பாதி உண்மை. அது எங்கே உடைகிறது என்பதற்கு அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் டேவ் சாப்பெல் தெளிவான உதாரணம். கறுப்பினத்தவரான அவர், கறுப்பினத்தவரைப் பற்றிய முத்திரைகளைப் பகடி செய்யும் தொலைக்காட்சித் தொடரின் உச்சத்தில் இருந்தபோது 2005-இல் அதைவிட்டு விலகினார். படப்பிடிப்பின்போது வெள்ளையர் ஒருவர் சிரித்த விதம் தன்னை உறுத்தியதாகப் பிறகு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். முத்திரையைப் பகடி செய்யத்தான் எழுதினார்கள். அந்தச் சிரிப்போ முத்திரையையே ரசிப்பதுபோல் பட்டது. சொல்பவர் மாறவில்லை, இலக்கு மாறவில்லை, மாறியது மூன்றாமவர்.

உள்ளே இருப்பவரின் கேலி வெளியாருக்குக் கடத்தப்படும்போது என்ன ஆகும் என்பதை உளவியலாளர் தாமஸ் ஃபோர்டின் ஆய்வுகள் ஓரளவு காட்டுகின்றன. மட்டம் தட்டும் நகைச்சுவை, வெறுப்பு இல்லாதவரை வெறுப்பவராக மாற்றுவதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே வெறுப்பு உள்ளவருக்கு "இங்கே இதைக் காட்டலாம் போலிருக்கிறது" என்ற துணிச்சலைக் கொடுக்கிறது. 2008-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஒரு சோதனையில், பெண்கள்மீது பகையுணர்வு அதிகமுள்ள ஆண்கள் பெண்களை மட்டம் தட்டும் நகைச்சுவைகளைப் படித்த பிறகு ஒரு பெண்கள் அமைப்புக்குக் கொடுக்க முன்வந்த தொகை குறைந்தது. பகையுணர்வு குறைந்தவர்களிடம் அந்த விளைவு இல்லை. ஆகவே, கேலிக்கு ஆளாகிறவர் அறையில் இல்லை என்பதால் தீங்கு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அவர் இல்லாத அறைதான் இந்தத் துணிச்சல் வளர வசதியான இடம்.

உள்ளே இருப்பவரின் உரிமை வேறு விதங்களிலும் குறையும். குழுவில் பிறந்தவர், ஆனால் அந்தக் குழுவின் கஷ்டத்திலிருந்து எப்போதோ வெளியேறிவிட்டவர் என்றால் விலையில் அவருக்குப் பங்கு இல்லை, கேட்பவர்கள் அதை உணர்வார்கள். சொல்பவரின் குழு அடையாளம் வெளியே தெரியாதது என்றால், மறைந்திருக்கும் நோயோ பாலியல் ஈர்ப்போ போல, கேட்பவர் அவரை வெளியாளாகவே எடுத்துக்கொள்வார். தெரிவிக்காமல் கேலியை வீசினால் பழி அவர்மீது வரும். தன் குழுவைக் கேலி செய்து வெளியாரிடம் நல்ல பெயர் வாங்கும் பழக்கமும் உண்டு. குழுவின் மற்றவர்கள் அதை விரைவில் கண்டுகொள்வார்கள், மன்னிக்கவும் மாட்டார்கள். ஒருவர் தன்னைக் கேலி செய்ய அனுமதித்தார் என்பதால் அந்தக் குழுவின் வேறொருவரைக் கேலி செய்யும் அனுமதி கிடைத்துவிடுவதில்லை. அவர் கையெழுத்துப் போட்டது தனக்கு மட்டும்தான்.

எழுத்தில் இது இன்னும் சிக்கல். பத்துப் பேர் உள்ள குழுவில் ஒருவர் தன்னைப் பற்றி எழுதிய கேலியை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறெங்கோ போட்டால், சொன்னவரின் இடமும் உறவும் முகமும் கழன்றுபோய்ச் சொற்கள் மட்டும் பயணிக்கின்றன. இந்தக் கட்டுரையில் இதுவரை சொன்ன எதுவும் அங்கே வேலை செய்யாது, ஏனென்றால் வாய் எது என்பதே தெரியாது.

சொல்வதற்கு முன்

முதலில் யாரைப் பற்றிப் பேச்சு, யாரைப் பார்த்துச் சிரிப்பு என்பதைத் தனித்தனியாகப் பாருங்கள். ஹாரன் கதை காது கேளாதவரைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சக்கர நாற்காலிக்காரர் வரும்போதெல்லாம் குனிந்து, குழந்தையிடம் பேசுவதுபோல் குரல் மாற்றிப் பேசும் ஆட்களைக் கேலி செய்வதை வெளியாளும் ஓரளவு தைரியமாகச் செய்யலாம், அங்கே இலக்கு அந்தக் குரல். தன்னுடைய அறியாமையையே இலக்காக்குவதும் வெளியாளுக்குப் பாதுகாப்பான வழி.

அடுத்து, குழுவின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்படியே ஓடினால் அது முத்திரையில் ஓடுகிறது. விட்டுவிடுவது நல்லது. பிறகு, எதிராளி அதே இடத்தில், அதே கணத்தில், அதே கனத்தில் திருப்பிச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். பயிற்சிக்கு வந்தவரிடம் அவரை மதிப்பிடும் அதிகாரி "நீயும் என்னைக் கலாய்க்கலாமே" என்று சொல்வதால் வழி திறந்துவிடாது.

புதிதாக ஒரு குழுவில் சேர்ந்தவர் எல்லோருக்கும் பொதுவான தொல்லைகளில் தொடங்கலாம்: முடியாத கூட்டம், வேலை செய்யாத அச்சுப்பொறி. பிறகு தன்னைப் பற்றி. மற்றவரைப் பற்றி வாய் திறப்பது, அவர் முதலில் சீண்டிய பிறகு, அவர் தொட்ட விஷயத்தில், அவர் தொட்ட அளவுக்கு. முதலில் தனியாக இருக்கும்போது, பிறகுதான் பலர் முன்னால். ஒரு விஷயத்தில் கிடைத்த அனுமதி இன்னொன்றுக்குச் செல்லாது. சக்கரம் கிறீச்சிடுவதைக் கேலி செய்ய விடும் நண்பர், தன் உடல்வலியையோ திருமணத்தையோ தொட விடமாட்டார்.

அனுமதி உண்மையானதா என்பதற்கு நம்பகமான அறிகுறி, கேலிக்கு ஆளானவர் தானே அடுத்த வரியைச் சேர்ப்பது. வெறும் சிரிப்பை நம்பக் கூடாது. பதவியில் கீழே இருப்பவருக்குச் சிரிப்பது வேலையின் ஒரு பகுதி. மற்றவர்கள் சிரிப்பதற்கு முன் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் ஏதோ சரியில்லை. அவர் கடைசியாகச் சிரித்து முதலில் நிறுத்தினாலும் அப்படியே.

தவறாகிப்போனால்

"விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்று தொடங்காதீர்கள். அது புண்பட்டவருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று இரண்டாவது முறை குத்துவது. "எனக்கு அவங்க ஆளுங்க நிறைய பேர் நண்பர்கள்" என்பதும் உதவாது, அந்த நண்பர்கள் கொடுத்த அனுமதி இங்கே செல்லாது. ஒரே வாக்கியம் போதும்: "நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சிருங்க." கேலியைத் திரும்பச் சொல்லி விளக்காதீர்கள். பலர் முன்னால் மன்னிப்பைப் பெற்றே தீர வேண்டுமென்று நிற்காதீர்கள், அது அவரை மறுபடி நடுவில் நிறுத்துகிறது. எழுத்தில் அனுப்பியதென்றால் எல்லோருக்கும் சேர்த்து நீக்கிவிட்டு, நீக்கியதை ஒரு வரியில் சொல்லுங்கள். சத்தமில்லாமல் நீக்கினால் என்ன இருந்தது என்ற பேச்சு கூடும்.

கேலிக்கு ஆளானவர் நீங்கள் என்றால், சமமானவர்களிடையே நன்றாக வேலை செய்வது ஒரு கேள்வி: "புரியலையே, கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க." மட்டம் தட்டும் கேலி சொல்லாமல் விட்ட ஒரு நம்பிக்கையின்மீது நிற்கிறது. விளக்கச் சொன்னால் அந்த நம்பிக்கையை வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரும், அதைச் சொல்லப் பெரும்பாலோர் தயாராக இருக்கமாட்டார்கள். சொன்னவர் உங்கள் வேலையைத் தீர்மானிப்பவர் என்றால் இந்தக் கேள்விக்கு விலை உண்டு, கேட்காமல் விடுவதில் எந்தத் தாழ்வும் இல்லை.

அந்தச் சமயத்தில் அதைக் கேட்க வேண்டியவர், சொன்னவருக்குச் சமமான பதவியில் அறையில் இருக்கும் இன்னொருவர். அவருக்கு இழப்பு குறைவு. சிரிக்காமல் இருப்பது குறைந்தபட்சம், "சரி, விஷயத்துக்கு வருவோம்" என்று பேச்சைத் திருப்புவது அடுத்தது. ஆனால் எல்லோர் முன்னாலும் "உங்களுக்கு வருத்தமா இருந்துதா?" என்று பாதிக்கப்பட்டவரைக் கேட்பதைத் தவிர்க்க வேண்டும். அந்த இடத்தில் அவரால் சொல்ல முடிந்த ஒரே பதில் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்பதுதான். கூட்டம் முடிந்து, அவர் தனியாக இருக்கும்போது கேளுங்கள். அப்போது கிடைக்கும் பதிலை வைத்து மேற்கொண்டு என்ன செய்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.